காட்சிக்கு ஒன்று, காப்புக்கு ஒன்று

ஒளிப்படங்களை வரிசையாகக் கோத்து, பின்னணியில் இசை சேர்த்து, ஸ்லைடு ஷோவாக்கி, வீட்டு டிவிடி பிளேயரில் ஓடும் வட்டாக மாற்றித் தருவது, சொல்லும்போது ஒரு மாலைநேர வேலை. அது எத்தனை இரவுகளை விழுங்கும் என்பது செய்து பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். கணினித் திரையில் துல்லியமாக இருந்த முகம் தொலைக்காட்சியில் கலங்கித் தெரியும். வட்டம் நீள்வட்டமாகும். பாட்டு படத்தை முந்திக்கொண்டு ஓடும். இவை எல்லாம் சரியாக வந்தால் பிளேயர் வட்டையே ஏற்க மறுக்கும். இந்த எரிச்சல் நியாயமானது. ஆனால் பழியை மென்பொருளின் தலையில் மட்டும் கட்டிவிட்டு நாம் நகர்ந்துவிட்டோம் என்பது என் எண்ணம். டிவிடி தர முடியாத ஒன்றை அதனிடம் நாம் எதிர்பார்த்தோம். அது படங்களைக் காட்டுவதற்கான வடிவம். வைத்துக் காப்பதற்கான வடிவம் அன்று. இந்த வேறுபாட்டைக் காணத் தவறியதால் நாம் இழந்தவை, குறிப்பாக இலக்கியச் சூழலில் இழந்தவை, கொஞ்சமல்ல.

திருவண்ணாமலையை வைத்தே இதைப் பேசலாம். அண்ணாமலையார் கோவிலில் 2002 ஜூனில் ஒரு குடமுழுக்கும் 2017 பிப்ரவரியில் அடுத்த குடமுழுக்கும் நடந்தன. நம் வீடுகளைப் பொறுத்தவரை டிவிடியின் காலம் ஏறக்குறைய முழுவதும் இவ்விரண்டுக்கும் நடுவே அடங்கிவிடுகிறது. முதலாவதன்போது பெரும்பாலான வீடுகளில் இருந்தது விசிடி. 352×288 புள்ளிகள் கொண்ட மங்கலான படம். இரண்டாவதன்போது படங்கள் பென் டிரைவுக்கும் வாட்ஸ்அப்புக்கும் போய்விட்டன. இடைப்பட்ட பதினைந்து ஆண்டுகளில் திருமணம், அறுபதாம் கல்யாணம், பணி ஓய்வு, கிரிவலம், தீபம் என்று இந்த ஊரில் நடந்த எதுவும் ஒரு வட்டாக முடிந்தது. இலக்கிய நிகழ்வுகளும் அப்படியே. கலை இலக்கிய இரவுகளும் 'முற்றம்' போன்ற கூடுகைகளும் நடந்த ஊர் இது. மறைந்த எழுத்தாளருக்கு அஞ்சலிக் கூட்டம் என்றால் தொடக்கத்தில் பத்து நிமிட ஸ்லைடு ஷோ ஒன்று இருக்கும். கூட்டம் முடிந்ததும் வட்டைக் குடும்பத்தாரிடம் கொடுத்துவிடுவார்கள்.

அந்த வட்டு உருவான விதத்தைக் கொஞ்சம் நினைவுகூர்வோம். விண்டோஸ் எக்ஸ்பி கணினியோடு வந்த மூவி மேக்கர், டிவிடிக்குத் தேவையான எம்பெக்-2 வடிவில் படத்தைத் தராது. அது தந்தவை இரண்டு: டபிள்யூஎம்வி கோப்பு, அல்லது டிவி-ஏவிஐ கோப்பு. இரண்டாவது வகை ஒரு மணி நேரத்துக்குப் பதின்மூன்று ஜிகாபைட் இடம் கேட்கும். வட்டகம் பழைய ஃபேட்-32 முறையில் அமைந்திருந்தால் ஒரு கோப்பு நான்கு ஜிகாபைட்டைத் தாண்ட முடியாது. பத்தொன்பதாவது நிமிடத்தை ஒட்டி வேலை நின்றுபோகும். மைக்ரோசாஃப்ட் 2004இல் இலவசமாகத் தந்த போட்டோ ஸ்டோரி 3 படங்களை அழகாக நகர்த்திக் காட்டும். ஆனால் அது எழுதும் டபிள்யூஎம்வி கோப்புக்குள் இருப்பது தனக்கென்று ஒரு கோடெக். மற்ற மாற்றிகள் பலவற்றுக்கு அது புரியாது. ஒலி வரும், படம் வராது. பவர்பாயிண்டில் செய்தவர்கள் நிலை இன்னும் மோசம். 2010ஆம் ஆண்டுப் பதிப்பு வரும்வரை அதிலிருந்து வீடியோவாக வெளியே எடுக்கவே நேர்வழி இல்லை.

இதற்கெல்லாம் தொழில்நுட்பம் மட்டுமே காரணம் என்று சொல்வதற்கில்லை. எம்பெக்-2 காப்புரிமைகளின் வலைக்குள் இருந்தது. அதில் எழுதவும் அதைப் படிக்கவும் வல்ல ஒவ்வொரு மென்பொருளுக்கும் உரிமக் கட்டணம் உண்டு. இலவச மென்பொருள்கள் அந்த வாசல்வரை வந்து நின்றதன் பின்னணி இதுதான். அமெரிக்காவில் அக்காப்புரிமைகள் காலாவதியானது 2018இல். அதற்குள் வட்டைக் கேட்பவர்களே குறைந்துவிட்டார்கள். விஸ்டாவோடு 2007இல் வந்த டிவிடி மேக்கர் 2012இல் வந்த விண்டோஸ் 8இல் இல்லை. ஆப்பிள் 2001இல் அறிமுகப்படுத்திய ஐடிவிடியும் 2011இல் புதிய கணினிகளிலிருந்து மறைந்தது. கருவி கைக்குப் பழகுவதற்குள் கருவி போய்விடும் என்பது இந்தக் காலத்தின் பொதுவிதி.

ஒலிக்கும் தனிக் கட்டளை உண்டு. டிவிடி எம்பி3யை ஏற்பதில்லை. இசைத்தட்டின் 44.1 கிலோஹெர்ட்ஸும் ஆகாது. 48க்கு மாற்ற வேண்டும். இந்தியாவில் செய்த வட்டு பால் முறையில் 576 வரிகளோடும் நொடிக்கு 25 சட்டகங்களோடும் இருக்கும். அதை அமெரிக்காவிலோ கனடாவிலோ இருக்கும் மகனுக்கு அனுப்பினால் அங்கே என்டிஎஸ்சி; 480 வரிகள். நம் ஊர்ப் பிளேயர்கள் பெரும்பாலும் இரண்டையும் ஓட்டிவிடும், அங்குள்ளவை பல பால் வட்டை மறுத்துவிடும். இலண்டனுக்கும் சிங்கப்பூருக்கும் கொழும்புக்கும் ஒரு வட்டு, டொராண்டோவுக்கு வேறு வட்டு என்று இருமுறை செய்தவர்கள் உண்டு. இதற்கிடையே, 2008 முதல் சில ஆண்டுகள் தமிழகம் கண்ட மின்வெட்டு. இரவு முழுதும் ஓடவேண்டிய மாற்றம் விடியலில் தொண்ணூறு சதவீதத்தில் அறுந்துபோகும் வேதனையைச் சென்னைக்கு வெளியே வாழ்ந்தவர்களிடம் கேட்க வேண்டும்.

தமிழில் தலைப்பு எழுத முயன்றவர்களுக்குக் கூடுதல் சோதனை. வட்டின் முகப்புப் பட்டியலை அமைக்கும் மென்பொருள்கள் பலவற்றுக்கு இந்திய எழுத்துகளைச் சேர்த்து எழுதத் தெரியாது. ஒருங்குறியில் 'லை' என்பது லகரமும் அதற்குப்பின் ஐகாரக் குறியும். திரையில் அக்குறி எழுத்துக்கு முன்னால் வரவேண்டும் என்பது மென்பொருளுக்குத் தெரியவில்லை என்றால் லகரம் தனியே நிற்கும், அதன் வலப்பக்கம் ஐகாரக் குறி ஒரு புள்ளி வட்டத்தோடு தொங்கும். 'திருவண்ணாமலை' என்று ஊரின் பெயரையே எழுத முடியாது. பெயரை வேறு மென்பொருளில் ஒரு படமாகச் செய்து, அந்தப் படத்தை ஒட்டுவதே வழியாக இருந்தது. எத்தனையோ வட்டுகளில் எந்தப் பெயரும் இல்லாமல் போனதற்கு இதுவும் ஒரு காரணம். இதை மீண்டும் பேசவேண்டி வரும்.

இவை எல்லாவற்றையும் தாண்டி வந்தபின் திரையில் தெரிந்தது என்ன? இங்கேதான் கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும். பால் டிவிடியின் சட்டகம் 720×576. மொத்தம் 4,14,720 புள்ளிகள். அந்தக் காலத்து நல்ல எண்மக் கேமரா ஒன்றின் படம் அறுபது லட்சம் புள்ளிகள். ஆக, பதினான்கில் ஒரு பங்குகூட வட்டுக்குப் போகவில்லை. இதுவும் சட்டகம் முழுவதையும் நிரப்பும் கிடைப்படத்துக்குத்தான். எழுத்தாளர்களின் உருவப்படங்கள் பெரும்பாலும் நின்றவாக்கில் எடுக்கப்பட்டவை. 4:3 திரையில் அத்தகைய படம் அகலத்தில் பாதியைத்தான் பிடிக்கும். மீதி இருபுறமும் கறுப்பு. அதற்குக் கிடைப்பது சுமார் 360×576, இரண்டு லட்சத்துச் சொச்சம் புள்ளிகள். அகலத்திரை வடிவில் செய்திருந்தால் அதைவிடவும் குறைவு.

டிவிடியின் புள்ளி சதுரமானதும் அல்ல. 4:3 திரையில் அது சற்றே அகன்று தெரியும், 16:9இல் நன்றாகவே அகன்று தெரியும். எந்தத் திரைக்கு என்ற குறிப்பைத் தவறாகக் கொடுத்தால் 217 அடி ராஜகோபுரம் குள்ளமாகிப் பருத்து நிற்கும். கோபுரத்துக்கு வேறொரு இடரும் இருந்தது. பழைய தொலைக்காட்சி ஒரு சட்டகத்தை ஒரே மூச்சில் வரைவதில்லை. ஒற்றைப்படை வரிகளை ஒருமுறை, இரட்டைப்படை வரிகளை மறுமுறை. பதினோரு நிலைகளின் மெல்லிய கிடைக்கோடுகள் ஒரு வரிக்கும் அடுத்த வரிக்கும் நடுவே மாட்டிக்கொண்டு துடிக்கும். படம் மெதுவாக மேலே நகர்வதுபோல் அமைத்திருந்தால் கோபுரம் முழுவதும் மினுமினுக்கும். இதைத் தவிர்க்க மிக்ஸிங் செய்பவர்கள் படத்தை வேண்டுமென்றே கொஞ்சம் மங்கலாக்கினார்கள். தீபப் படம் நேர் எதிரான சிக்கல். 2,668 அடி உயர மலையுச்சியில் சிறு சுடர், சுற்றிலும் மெல்ல மெல்ல இருளும் வானம். எம்பெக்-2 அந்த இருட்டின் படிநிலைகளைச் சதுரக் கட்டங்களாக உடைத்துவிடும். ஒரு படம் கரைந்து அடுத்தது தோன்றும் இடம் அதற்கு இன்னும் கடினம். அசையும் பொருளைப் பின்தொடரக் கற்ற முறை அது. முழுச் சட்டகமும் ஒரே நேரத்தில் வெளுப்பதையும் கறுப்பதையும் அதனால் எளிதில் கையாள முடிவதில்லை. ஸ்லைடு ஷோவில் இருப்பதோ பெரும்பாலும் இந்தக் கரைதல்தான்.

டிவிடி வீடியோ வடிவத்தின் நோக்கம் திரைப்படங்களைத் தொலைக்காட்சிப் பெட்டியில் காட்டுவது. தொண்ணூறுகளின் நடுவில் வகுக்கப்பட்ட அந்த வரையறை தன் பணியைச் சரியாகவே செய்தது. நாம்தான் அதற்குள் ஓர் ஆல்பத்தை வைத்துவிட்டதாக நம்பிக்கொண்டோம்.

இந்த நம்பிக்கை எங்கிருந்து வந்தது என்று யோசித்தால், 'ஸ்லைடு ஷோ' என்ற சொல்லிலிருந்தே வந்தது என்று தோன்றுகிறது. பழைய ஸ்லைடு ஷோவில் புரொஜெக்டருக்குள் நுழைந்தது கேமராவுக்குள் இருந்த அதே படச்சுருளின் துண்டு. திரையில் விழுந்தது மூலத்தின் ஒளி. காட்சி முடிந்ததும் ஸ்லைடைப் பெட்டியில் வைத்தால் மூலமும் பெட்டிக்குள் போய்விடும். காட்டுவதும் காப்பதும் ஒரே பொருள். கோடாக் நிறுவனம் 2004இல் ஸ்லைடு புரொஜெக்டர் செய்வதை நிறுத்தியது. பொருள் போய்விட்டது, சொல் மட்டும் கணினிக்குள் புகுந்து நின்றது. சொல்லோடு கூடவே பழைய நம்பிக்கையும் வந்துவிட்டது. காட்சி நம் கையில் இருக்கிறது, ஆகவே படங்களும் இருக்கின்றன என்ற நம்பிக்கை.

மூலம் இருப்பதன் பொருள் என்ன என்பதற்கும் இவ்வூரிலேயே சான்று உண்டு. ரமணர் மறைந்த 1950 ஏப்ரல் 14 அன்று ஹென்றி கார்ட்டியர்-பிரெஸ்ஸோன் திருவண்ணாமலையில் இருந்தார். அந்த நாட்களில் அவர் எடுத்த படங்கள் தீப்பெட்டியைவிடச் சிறிய, 24×36 மில்லிமீட்டர் நெகட்டிவ்கள். அன்றைய தொழில்நுட்பத்தில் அவற்றை எந்த அளவில் அச்சிட்டார்களோ அதைவிட நன்றாக இன்று அச்சிடலாம். நாளை வரும் கருவி இன்னும் நன்றாகப் படிக்கலாம். 2006இல் செய்த டிவிடியைவிட 1950இன் நெகட்டிவில் நமக்குக் கிடைப்பது அதிகம். பழையதன்மீது உள்ள மோகத்தால் நான் இதைச் சொல்லவில்லை. ஒன்று மூலம், மற்றது ஒரு குறிப்பிட்ட பெட்டிக்காக வெட்டிச் சுருக்கிய படி, வேறுபாடு அவ்வளவுதான்.

இதன் விலை என்ன என்பதை ஒரு நிகழ்வால் சொல்லலாம். இந்தப் பகுதியில் பல ஆண்டுகள் சிற்றிதழ் நடத்திய ஒருவர் மறைந்தபோது எண்பதுக்கும் மேற்பட்ட படங்களுடன் அஞ்சலிக் காட்சி ஒன்று தயாரானது. ஆல்பங்களிலிருந்து படங்களைப் பிரித்தெடுத்து ஒரு ஸ்டுடியோவில் கொடுத்தார்கள். அவர்கள் ஸ்கேன் செய்து வட்டாக்கித் தந்தார்கள். படங்களில் சில திரும்பி வந்தன, சில உறவினர் வீடுகளுக்குப் பிரிந்து போயின. ஸ்கேன் செய்த கோப்புகளை இடமின்மையால் ஸ்டுடியோ அழித்துவிட்டது. 'அதான் டிவிடியிலே எல்லாம் இருக்கே' என்பது எல்லோருக்கும் போதுமான ஆறுதலாக இருந்தது. பல ஆண்டுகள் கழித்து அவர் எழுத்துகளைத் தொகுக்க முனைந்தபோது அட்டைக்கு ஒரு படம் தேவைப்பட்டது. நண்பர்கள் என்னிடம் தந்தது அந்த வட்டைத்தான். அதில் அவருடைய சிறந்த உருவப்படத்தை நிறுத்தி எடுத்து, புள்ளியைச் சதுரமாக்கிப் பார்த்தால் 384×576. நல்ல அச்சுக்கு அங்குலத்துக்கு 300 புள்ளி வேண்டும். ஒன்றேகால் அங்குல அகலம், இரண்டு அங்குலத்துக்குச் சற்றுக் குறைந்த உயரம். நாற்பது ஆண்டு இலக்கிய வாழ்வுக்குக் கிடைத்தது பாஸ்போர்ட் அளவுப் படம். அதிலும் முகத்தின்மேல் அடுத்த படத்தின் நிழல் பாதி கரைந்திருந்தது.

அந்தக் காட்சியில் அவரோடு நின்றவர்கள் யார் என்பதையும் இப்போது யாராலும் முழுமையாகச் சொல்ல முடியவில்லை. முன்பு சொன்ன பெயர் எழுதும் தொல்லை இங்கே வந்து உறுத்துகிறது. ஆல்பத்தின் படத்தைத் திருப்பினால் பின்புறம் ஊரும் தேதியும் பெயர்களும் நீல மையில் இருந்திருக்கும். ஸ்கேனருக்கு முன்புறம் மட்டுமே தெரியும்.

டிவிடிக்காகவும் ஒரு வார்த்தை பேசவேண்டும். நம்மை வதைத்த அதன் கறார்த்தனமே அதன் நற்குணம். இந்த அளவு, இந்த ஒலி, இந்தக் கோப்பமைப்பு என்று அது விட்டுக்கொடுக்காமல் நின்றதால்தான் ஒரு நிறுவனத்தின் கருவியில் எழுதிய வட்டு இன்னொரு நிறுவனத்தின் பிளேயரில் ஓடியது. கெடாமல் இருந்தால் 2005இன் வட்டு இன்றும் ஓடும். போட்டோ ஸ்டோரியின் தாராளமான கோப்பைத் திறக்கத்தான் இன்று வழி தேட வேண்டியிருக்கிறது. கடவுச்சொல் தெரியாத, கைபேசியைத் தொடத் தயங்கும் ஒரு பாட்டி தானே வட்டைப் போட்டு, பொத்தானை அழுத்தி, மறைந்த கணவரைப் பார்க்க முடிந்தது. அந்த எளிமையை அதன்பின் வந்த எதுவும் அவருக்குத் தரவில்லை. இன்றும் டிவிடி கேட்பவர்கள் இருப்பதில் வியப்பில்லை. அவர்களுக்கு எம்பி4 கோப்பை அப்படியே வட்டில் நகலெடுத்துக் கொடுப்பது தீர்வாகாது. அது தரவு வட்டு. சில பிளேயர்கள் ஓட்டும், பல ஓட்டாது. முறைப்படி மாற்றித்தான் கொடுக்க வேண்டும். டிவிடி ஸ்டைலர் போன்ற இலவச மென்பொருள்கள் இருப்பதால் அந்த வேலை முன்னைவிட எளிது.

எளிய வழி ஒன்று அன்றே இருந்தது என்பதுதான் வருத்தம். ஒற்றை அடுக்கு வட்டின் கொள்ளளவு 4.7 ஜிகாபைட். இருபது நிமிட ஸ்லைடு ஷோ, நல்ல தரத்திலேயே, சுமார் 1.2 ஜிகாபைட் பிடிக்கும். மீதி இடம் வெறுமை. டிவிடி பிளேயர் வீடியோ கோப்புறையைத் தவிர மற்றவற்றைக் கண்டுகொள்வதில்லை. அதன் அருகில் 'மூலப் படங்கள்' என்று இன்னொரு கோப்புறை வைத்து ஆயிரம் படங்களை முழு அளவில் சேர்த்திருக்கலாம், கூடவே யார் எவர் என்று ஓர் எழுத்துக் கோப்பும். காட்சியும் காப்பும் ஒரே வட்டில் இருந்திருக்கும், ஒரு ரூபாய் கூடுதல் செலவில்லாமல். அப்படிச் செய்த வட்டுகள் நான் பார்த்தவரை மிகச் சில.

முறையாகச் செய்யமுடியும் என்பதற்கு முன்மாதிரிகள் அருகிலேயே உள்ளன. புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனம் 1950களிலிருந்து தென்னிந்தியக் கோவில்களைப் படமெடுத்து நெகட்டிவ்களோடு பாதுகாத்து வருகிறது. பிரிட்டிஷ் நூலகத்தின் அழியும் ஆவணங்களுக்கான திட்டத்தின் துணையோடு, பழைய தமிழ் ஸ்டுடியோக்களின் குடும்பப் படங்களை எண்மப்படுத்தும் பணியும் அங்கிருந்து நடந்தது. அத்தகைய திட்டங்களில் முதலில் உருவாவது சுருக்கப்படாத டிஃப் கோப்பு. பார்ப்பதற்கான சிறிய படி அதிலிருந்து பிறகு பிறக்கும். கல்வெட்டு மைப்படியும் இதே அறம்தான். எழுத்தைக் கல்லின் அளவிலேயே தாளில் ஒற்றியெடுத்துப் பாதுகாத்தபின்தான் அச்சுநூலும் பொழிப்பும். திருவண்ணாமலைக் கல்வெட்டுகள் நமக்கு நூலாகக் கிடைப்பது இந்த ஒழுங்கினால். ஒரு சோழர் காலத்து நிலக்கொடைக்குக் காட்டும் மரியாதையை நம் காலத்து எழுத்தாளரின் முகத்துக்கும் காட்டலாம்.

செய்யவேண்டியது பெரிதாக ஒன்றுமில்லை, ஆனால் காலம் குறைவு. வீட்டில் எழுதிய வட்டின் தகவல் ஒரு சாயப்படலத்தில் இருக்கிறது. வெப்பமும் ஈரமும் வெயிலும் அதை அரிக்கும். நம் ஊரில் மூன்றுக்கும் குறைவில்லை. வட்டகம் இல்லாத மடிக்கணினிகள்தான் இப்போது கடைகளில் நிறைந்திருக்கின்றன. ஆகவே அலமாரியில் உள்ள அஞ்சலி வட்டுகளை முதலில் வன்தட்டுக்கு மாற்றிவிட வேண்டும். அடுத்து, அவற்றைச் செய்தவர்களிடம் பழைய ஸ்கேன்கள் எங்காவது எஞ்சியுள்ளனவா என்று கேட்க வேண்டும். மூன்றாவதுதான் முக்கியமானது. வட்டைப் பட்டியலாகக் கொண்டு, அதில் தெரியும் ஒவ்வொரு படத்தின் அச்சுப்படியும் இப்போது யார் வீட்டு ஆல்பத்தில் இருக்கிறது என்று தேடிப்போய், இருபுறமும் மீண்டும் ஸ்கேன் செய்ய வேண்டும். உடன் நிற்பவர்களை அடையாளம் காட்டக்கூடிய மூத்தவர்கள் இருக்கும்போதே பெயர்களை எழுதிக்கொள்ள வேண்டும். மங்கலான அந்த வட்டு, எந்தப் படங்களைத் தேட வேண்டும் என்று சொல்லும் ஒரே ஆவணமாக இன்று பயன்படக்கூடும்.

நண்பர்கள் பலரிடம் ஏதேனும் ஓர் அஞ்சலிக் கூட்டத்தின் வட்டு இருக்கும் என்று நம்புகிறேன். அடுத்த முறை அத்தகைய காட்சி ஒன்றைத் தயாரிக்கும் பொறுப்பு உங்களிடம் வந்தால், எந்த மென்பொருள், எந்த வடிவம் என்று கேட்பதற்கு முன்னால், மூலப் படங்கள் எந்த வீட்டில், யார் பொறுப்பில் இருக்கப்போகின்றன என்று கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். மாற்றும் வேலையின் எரிச்சல் அப்போதும் இருக்கும். அது ஓர் இரவின் எரிச்சலோடு முடிந்துவிடும்.